அஞ்சடியும் திண்ணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சென்றுவரத் தக்க தீவுகள் என்ற தலைப்பில் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வந்த கட்டுரையில் மலேசியாவின் பினாங்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. கடற்கரை, மலை ரயில், கடைவீதி, சாப்பாடு என்று நான்கு சொற்களில் அந்தத் தீவை முடித்திருந்தார்கள். கடந்த மே மாதம் நாங்கள் எட்டுப் பேர் ஐந்து நாள் அங்கே தங்கிவிட்டுத் திரும்பியவர்கள் என்பதால், அந்தப் பத்தியில் விடுபட்டுப்போன ஒன்றை, அது நினைவூட்டிய நம் ஊர்த் திண்ணையோடு சேர்த்து, எழுதத் துணிகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான் என்றாலும் அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது. இடம் கருதிக் கத்தரிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு. என் ஐயாவைப் பற்றிய வரிகளில் மட்டும் கைவைக்காமல் விட்டால் நன்றியுடையவளாவேன்.

நான் காரைக்குடிக்கு வடக்கே, கானாடுகாத்தானை ஒட்டிய ஓர் ஊரில் வசிப்பவள். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பினாங்கு சுற்றுலாத் தலமாக அறிமுகமான ஊர் அன்று. அது ஆண்கள் ‘கொண்டுவிக்க’, அதாவது வணிகம் செய்ய, போன ஊர். பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று பெயரிடும் வழக்கம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரிடம் இன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீர்மலை இருப்பது பினாங்கில், அருவிக்கு அருகே 1850-களில் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில் இருக்கும் இடத்தில்தான் என்பது அந்தப் பெயரைச் சுமப்பவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருவில் உள்ள கோவில் வீட்டிலிருந்து அந்தக் கோவிலுக்குப் புறப்படுகிற வெள்ளித் தேரும் 1894-ல் இங்கிருந்து கப்பலேறிப் போனதே.

என் தாயைப் பெற்ற ஐயா பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி, கடை எடுபிடியான பெட்டியடிப் பையனாக அங்கே போய், உதவியாளரான அடுத்தாளாகி, பின்னர் கடைப் பொறுப்பாளரான மேலாளாகவும் இருந்து, 1950-களின் தொடக்கத்தில் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் அவருக்கென்று இருந்தவை ஒரு மரப்பெட்டியும் அதன் முன் விரித்த பாயும்தான். பகலில் அதுவே அலுவலகம், இரவில் அதுவே படுக்கை. மூன்றாண்டுக்கு ஒரு முறை அவர் வருவார், போவார். ஆயா அந்தத் தீவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஐயா சொன்ன பினாங்குக் கதைகளில் கடற்கரை வந்ததாக எனக்கு நினைவில்லை. மழை வரும், வட்டிக் கணக்கு வரும், பாக்கி வைத்துவிட்டு ஓடிப்போன கடன்காரர்கள் வருவார்கள். “பொழுது சாய்ந்தால் அஞ்சடியில் உட்கார்ந்து காற்று வாங்குவோம்” என்ற வரி மட்டும் ஒவ்வொரு கதையிலும் தவறாமல் வரும். அஞ்சடி என்பது அந்த ஊரில் உள்ள ஒரு மைதானத்தின் பெயராக இருக்க வேண்டும் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

பயண ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாமல் அனுமதி அளிப்பதால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாடு குறைந்திருக்கிறது. நாங்கள் அணுகிய பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கோலாலம்பூர், கெந்திங், லங்காவி எல்லாவற்றையும் ஐந்து நாளுக்குள் அடைத்து, பினாங்குக்கு அரை நாளை ஒதுக்கிய ஒரு திட்டத்தை நீட்டினார். நான் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஐந்து நாளும் பினாங்கே போதும் என்றபோது, “அங்கே அவ்வளவு நாள் என்னம்மா செய்வீர்கள்?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஆனாலும் ‘நகர உலா’ என்று அரை நாளைச் சேர்த்து அதற்குத் தனியே பணமும் வாங்கிக்கொண்டார். அந்த உலாவில் நாங்கள் பார்த்தவை ஒரு சாக்லேட் கடை, ஒரு காப்பித்தூள் கடை, டுரியன் பழ மிட்டாய் விற்கும் ஒரு கடை. வண்டியோட்டி தமிழர், மூன்றாவது கடை வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோபிக்காதீங்கம்மா, இங்கெல்லாம் நிறுத்தச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு” என்றார்.

கடற்கரையையும் பார்த்தோம். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டினார்கள். மலாக்கா நீரிணையின் தண்ணீர் அங்கே கரையோரத்தில் கலங்கலாகத்தான் இருக்கிறது, விளம்பரப் படங்களின் நீலத்தை எதிர்பார்த்து வந்த என் மகன் வழிப் பேரன், “அந்தக் கடல் எங்கே அப்பத்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 1923 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறி, 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த பினாங்கு மலையின் குளிரை அனுபவித்தோம். ஏறுவதற்கு நின்ற வரிசையின் நீளத்தை நினைத்தால் அந்தக் குளிர் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், நான் தங்களுக்கு எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அன்று.

தங்கியது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே சூலியா என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் தெருவுக்கு நிலைத்துவிட்டது. அவர்கள் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலும், சீனர்களின் கருணைத் தெய்வத்தின் கோவிலும், 1818-ல் கட்டிய ஆங்கிலத் திருச்சபையின் ஆலயமும் நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பினாங்குத் தெருவில் ஐயாவின் கிட்டங்கி எந்த வாசலில் இருந்தது என்று விசாரித்துப் பார்த்தேன். முதியவர் ஒருவர் ஒரு கதவைக் காட்டினார், அவருடைய மனைவி எதிர்ச்சாரியில் வேறொரு கதவைக் காட்டினார். இருவரும் அதைப் பற்றி வாக்குவாதம் செய்யத் தொடங்கியதும் நாங்கள் நன்றி சொல்லி நகர்ந்தோம்.

இரண்டாம் நாள் மாலை நான்கரை மணிக்கு மழை பிடித்தது. அந்தத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்தின் சராசரி மழை அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. வானத்தைக் கிழித்து ஊற்றிய அந்த மழையில் எங்களிடம் இருந்தவை இரண்டு குடைகள், அவையும் விடுதியில். மகள் வழிப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் மருமகள் அருகில் இருந்த கடை முன்பில் ஏறினாள். பின்னாலேயே நாங்களும் ஏறினோம். மழை விடுவதற்காகக் காத்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தோம். அப்போதுதான் கவனித்தேன்: எங்களைச் சுற்றி எவரும் காத்திருக்கவில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஒரு சீனப் பாட்டி, தலையில் குல்லாய் அணிந்த பெரியவர், எல்லாரும் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கடை முன்பு முடியும் இடத்தில் அடுத்த கடையின் முன்பு தொடங்கியது. தலைக்கு மேல் மாடி, இடப்பக்கம் கடைவாசல், வலப்பக்கம் தூண்வரிசை. குறுக்குத் தெருக்களைக் கடந்த சில நொடிகளைத் தவிர்த்தால் நனையாமலே குயின் தெரு வரை வந்து சேர்ந்துவிட்டோம். பூக்கடை அம்மாள் மல்லிகையை முழம் போட்டு அளந்துகொண்டே, “அஞ்சடியோட வந்திட்டீங்களா, நல்லதாப் போச்சு” என்றார்.

அறுபத்தாறு வயதில், மழைச்சாரல் தெறிக்கும் அந்த நடையில் நின்றுகொண்டு, ஐயா சொன்ன அஞ்சடி எது என்று நான் தெரிந்துகொண்டேன்.

சமூக அறிவியல் ஆசிரியை என்பதால் அதன் பின்னணியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1822-ல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், தெருவின் இருபுறமும் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் கூரை போட்ட, தடையின்றித் தொடரும் நடைவழி இருக்க வேண்டும் என்று விதித்தார். அந்த முறை பின்னர் மலாயாவின் நகரங்களுக்கும் பரவியது. அஞ்சடி, அதாவது ஐந்தடி அகலம், என்பது பெயரளவில்தான். என் காலால் அளந்தவரை ஏழு, எட்டு அடி அகலமுள்ள இடங்கள் நிறையவே உண்டு. இதில் கவனிக்க வேண்டியது அகலத்தை அன்று. அந்த நடை இருப்பது கட்டட உரிமையாளரின் இடத்தில். அதற்கு ஓடு பதிப்பதும் பெருக்குவதும் அவர் பொறுப்பு. சீனர் கடையாக இருந்தால் அதன் ஓரத்தில் நிலத்தெய்வத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதும் அவர்தான். ஆனால் நடக்கிறவனை மறிக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. வெயிலும் மழையும் கடுமையான ஒரு தீவில், நிழல் என்பது தனி ஒருவருடைய சொத்தாக இருக்க முடியாது என்பதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள்.

என் கணவருக்கு முழங்கால் வலி. ஓரிடத்தில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கடைக்குள் இருந்த ஒரு சீன மூதாட்டி வெளியே வந்து, தான் அமர்ந்திருந்த நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி, “நம்ம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்த மாதிரி இருக்கு” என்றார் அவர். அதற்கு என் பேத்தி கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்: “ஆயா, நம்ம வீட்டுத் திண்ணைக்கு ஏன் கம்பி போட்டிருக்கு? யாரும் உட்காரக் கூடாதுன்னா?”

கம்பி போட்டவள் நான். எங்கள் வீடு 1920-களில் கட்டியது. முன்வாசலின் இருபுறமும் பர்மாத் தேக்குத் தூண்களோடு இரண்டு திண்ணைகள். சுண்ணாம்பையும் முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்த்து இழைத்த அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சித்திரை மாதத்திலும் குளிரும். நான் மணமாகி வந்த புதிதில் அந்தத் திண்ணை ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. வளையல்காரர் அங்கேதான் பெட்டியைத் திறப்பார். கீரைக்காரி கூடையை இறக்கி மோர் கேட்பாள். தைப்பூசக் காலத்தில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இரவு படுத்தெழுந்து போவார்கள். அவர்களில் எவரும் எங்களிடம் அனுமதி கேட்டதும் இல்லை, எங்கள் வீட்டில் எவரும் அதை எதிர்பார்த்ததும் இல்லை. என் அப்பச்சி மணலில் விரல் வைத்து அகரம் எழுதியதும் வேறொரு வீட்டின் திண்ணையில்தான். பிறகு ஆட்கள் குறைந்தார்கள். 1998-ல் பக்கத்து வீட்டு முகப்பிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று களவு போனது. குடித்துவிட்டு வந்து இரவில் திண்ணையில் படுத்தவர்கள் காலையில் விட்டுச் சென்றவற்றை நானே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. காரைக்குடியிலிருந்து வெல்டரை அழைத்துக் கம்பி அடைக்கச் சொன்னேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தாமரைப் பூ வடிவத்தை நானே தாளில் வரைந்தும் கொடுத்தேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை எங்கள் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து எண்ணிப்பார்த்தேன். மொத்தம் 22 வீடுகள். அவற்றில் 17 வீடுகளின் திண்ணைகளைக் கம்பி அடைத்திருக்கிறது; இரண்டில் செங்கல் சுவரே எழுப்பிவிட்டார்கள்; ஒரு வீடு பிரிக்கப்பட்டு, அதன் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்து, இப்போது வெற்று மனை. திண்ணை திறந்திருப்பவை இரண்டே இரண்டு, அந்த இரண்டு வீடுகளும் ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பவை. கேட்பதற்கு ஆள் இருக்கும் வீடுகளில்தான் உட்கார இடமில்லை.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் உள்ளே இருப்பவற்றைப் பற்றியே. ஆத்தங்குடிக் கல், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய தூண்கள். பார்க்க வருகிறவர்களையும் அவற்றுக்காகவே அழைக்கிறோம். அவர்கள் வண்டியை விட்டு இறங்கி, பூட்டிய வீட்டைத் திறக்க ஆள் வரும்வரை, எதிரெதிரே இரண்டு வரிசைத் திண்ணைகள் இருக்கும் ஒரு தெருவில், நடு வெயிலில் நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு குடும்பத்தைச் சென்ற பங்குனியில் என் வீட்டுக் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதிகள்’ என்ற பொருள்படும் பெயரில் நம் ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது ஊர்த் தொகுதி, வீடு அன்று. தெருவும் ஊருணியும் திண்ணையும் சேர்ந்தால்தான் அது ஊர்.

பினாங்கைப் பூலோக சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது உண்மை. ஆனால், 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியபோது பழைய குடித்தனக்காரர்கள் பலர் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறினார்கள். அந்த வீடுகளில் எத்தனையோ இப்போது நாங்கள் தங்கியதைப் போன்ற விடுதிகள். காசு கொடுத்து அங்கே தங்கிவிட்டு அதைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்டால், பதில் இல்லை. அஞ்சடியிலும் எல்லா இடத்திலும் நடக்க முடிவதில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள், துணிக்கடைக்காரர் பொம்மைகளை வரிசையாக வைத்திருப்பார், கடைக்குக் கடை தரைமட்டம் மாறுவதால் என் கணவரைப் போன்றவர்கள் படி ஏறி இறங்கித் தவிக்க வேண்டும். இத்தனையும் இருந்தும், வழியை அடைத்தவர் அங்கே குற்றவாளிபோல் நெளிகிறார். திண்ணையை அடைத்த நாம் இங்கே தாமரைப் பூ வரைகிறோம்.

இதை என் சுற்றத்தாரிடம் சொன்னபோது வந்த முதல் பதில், “இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்” என்பது. இரண்டாவது பதில் இதைவிடக் கனமானது. நகரத்தார் வீடு ஒருவருடையது அன்று. எங்கள் வீடே ஒன்பது புள்ளிகளுக்கு, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொது. அவர்களில் ஊரில் இருப்பது நாங்கள் மட்டும். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் வருகிறவர்கள். அவர்கள் இல்லாத நாளில் ஒரு தூண் சேதமானால் பதில் சொல்ல வேண்டியவள் நான். பூட்டுப் போடுவது இங்கே கருமித்தனத்தால் அன்று, பயத்தால் என்பதை வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் புரிந்துகொள்வதில்லை. அந்தப் பயத்துக்கு என்னிடம் முழு மருந்து இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். அஞ்சடியில் யாரும் காவலுக்கு நிற்கவில்லை. ஆனால் எந்த நேரமும் யாராவது நடந்துகொண்டிருந்தார்கள், யாராவது உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருவில் குத்துவிளக்கு களவு போன இரவில் தெருவே ஆளற்றுக் கிடந்தது. கம்பி போட்டதற்குப் பிறகு இன்னும் ஆளற்றுப் போனது.

திண்ணைக்கு மற்றொரு பகை தார்ச்சாலை. நான் வாழ வந்தபோது தெருவிலிருந்து எங்கள் திண்ணைக்கு நான்கு படிகள், இப்போது இரண்டரை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தார்ப் பரப்பின் மேலேயே புதியதைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று அரசு உத்தரவுகளே இருக்கின்றன. அவை எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. கூரைத் தண்ணீர் வளவில் விழுந்து, வீட்டிலிருந்து தெரு வடிகாலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகுமாறு கணக்கிட்டுக் கட்டியவர்கள் நம் முன்னோர். மட்டம் உயர்ந்த தெருவில் அந்தக் கணக்கு தலைகீழாகி, ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் திண்ணையின் அடியை நக்குகிறது. ஈரம் ஏறிய திண்ணை வெடிக்கிறது. வெடித்த திண்ணையை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்கிறார்கள். 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடியும், சுற்றியுள்ள பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அடுத்த முறை சாலைக்கு ஒப்பந்தம் கோரும்போது, பழைய வீடுகள் உள்ள தெருக்களிலாவது தார்ப் பரப்பைச் சுரண்டிய பிறகே பணி தொடங்க வேண்டும் என்பதை உறுதிசெய்தால், சுற்றுலா வளர்ச்சிக்கென்று தனியே வளைவும் பலகையும் வைப்பதைவிட அது பயன்படும்.

விடுதிகளாக மாற்றிய பெரிய வீடுகளின் உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உள்ளே விருந்தினருக்கு எத்தனை கட்டணம் வேண்டுமானாலும் வாங்குங்கள். வெளித்திண்ணையை மட்டும் தெருவுக்கு விட்டுவிடுங்கள். அங்கே ஆள் அமர்த்திக் காவல் வைக்க உங்களால் முடியும், எங்களைப் போன்ற வீடுகளால் முடியாது. ஒரு தெருவுக்கு ஒரு திண்ணை திறந்தால்கூட, தபால்காரரும் தண்ணீர்க் கேன் கொண்டுவரும் பையனும் வெயிலில் நின்று முகவரி தேட வேண்டியிருக்காது. தங்கள் நாளிதழும் அடுத்து எங்கள் பகுதியைப் பற்றி எழுதும்போது, புகைப்படக்காரரை ஒரு முறை வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நின்று படமெடுக்கச் சொன்னால், நான் இத்தனை பக்கத்தில் சொன்னது ஒரே படத்தில் விளங்கிவிடும்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். மற்ற எட்டுப் புள்ளிகளையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். ஐந்து பேர் சரி என்றார்கள். இருவர், “ஆச்சி, பட்டுக்கொண்டு பிறகு சொல்லாதீர்கள்” என்று எச்சரித்துவிட்டுச் சரி என்றார்கள். அதன்படி சென்ற வெள்ளிக்கிழமை முதல் இடப்பக்கத் திண்ணையின் கம்பிக்கதவைக் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்குப் பூட்டுகிறோம். முதல் இரண்டு நாள் எவரும் உட்காரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாம் நாள் கீரைக்காரியின் மகள், அவளும் இப்போது கீரைதான் விற்கிறாள், ஒரு காலைத் தெருவில் ஊன்றியபடியே அரைத் திண்ணையில் உட்கார்ந்து, “பூட்டிடுவீங்களா?” என்று கேட்டாள். கம்பியை முழுவதும் அகற்றுவதற்குக் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பங்காளியின் சம்மதம் மட்டும் இன்னும் வரவில்லை. அகற்றினால் அதை எடைக்குப் போடுவதா, பின்கட்டில் கிணற்றைச் சுற்றி வைப்பதா என்பதையும் அவரே சொல்ல வேண்டும்; 1998-ல் அதற்குப் பணம் கொடுத்தவர் அவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கானாடுகாத்தான் வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.